கப்பலுக்குப் பொட்டு வைத்தவள்

கப்பலுக்குக் கடல் காற்று ஆகாது என்று முதன்முதலில் கண்டுபிடித்தது மாதிரிக் கப்பல் பேணற்சபைதான். மரத்தாலும் நூலாலும் ஈயத்தாலும் செய்த பழைய மாதிரிக் கப்பல்களைக் கொழும்பில் வைத்திருந்தால் உப்புக் காற்று தின்றுவிடும், ஆகவே கடலை விட்டு எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு குழு அறிக்கை கொடுத்தது. நாடோ தீவு. எந்தப் பக்கம் ஓடினாலும் கடல்தான் வரும். எனவே மேலே ஏறினார்கள். லிந்துலைக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடியில், ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய இடத்தில், கப்பல்கள் வந்து இறங்கின. உப்புக் காற்று அங்கே இல்லைதான். மூடுபனி இருந்தது. அது காலையில் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, எல்லாக் கப்பலையும் தடவிப் பார்த்துவிட்டு, பின்னேரம் அடுத்த ஜன்னல் வழியாக வெளியே போகும். முதல் வருஷமே பாய்களில் பூஞ்சணம் பிடித்தது. பூஞ்சணத்தை ஆராய இன்னொரு குழு போட்டார்கள்.

இந்தக் கப்பல்களைத் தூசு தட்டுகிற வேலை சண்முகவடிவுக்கு. அவள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு மழைநாளில் கூடையோடு மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்து முழங்கால் பிசகிவிட்டது. அதற்குப் பிறகு மலை ஏற முடியவில்லை. மலை ஏற முடியாதவளுக்குத் தோட்டத்தில் வேலையும் கிடையாது. சபைக்காரர்கள் தூசு தட்ட ஆள் தேடியபோது யாரோ சொல்லித் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். நிரந்தர நியமனம் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். எத்தனை வருஷமாகப் பரிசீலனையில் இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்டதற்காகவே அனுப்பிவிட்டால் என்ன செய்வது? புருஷன் செத்து வெகுகாலம். மகள் சுலக்ஷனா ஹட்டனில் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் இரண்டு பேருக்கும் அடுப்பு எரியாது. அந்தப் பயம் காலையில் அவளோடு சேர்ந்தே எழும்பும், அவளோடு சேர்ந்தே நொண்டிக்கொண்டு வேலைக்கு வரும்.

அந்தப் பயம் போதாதென்று சபை தன் விதிகளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தது. வெறுங்கையால் தொடக்கூடாது. நிழல் விழ நிற்கக்கூடாது. கப்பலுக்குப் பக்கத்தில் மூச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதியவர்களே திரும்பிப் படித்திருக்கமாட்டார்கள். சண்முகவடிவு படித்தாள். படித்தபடியே கையுறை போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் பாய்மரக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவாள். ஒரு நாள் அடக்கியது கூடிப்போய்த் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். காவலாளி பத்திநாதன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"மூச்சு விடு தங்கச்சி. கப்பலுக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கு ஆகிருமே அண்ணே."

கப்பல்களில் பெரியது ஒரு பெயர் தெரியாத கப்பல். ஆள் படுக்கிற கட்டில் நீளம். பாய்மரமும் உண்டு, நடுவில் புகைபோக்கியும் உண்டு. யார் செய்தார்கள், எந்தக் கப்பலைப் பார்த்துச் செய்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பழைய துரை ஒருவருடைய பங்களாவில் கிடந்ததாம். அதன் கண்ணாடிப் பெட்டிச் சாவி பகலில் சண்முகவடிவின் இடுப்பிலும் இரவில் பத்திநாதனின் இடுப்பிலும் தொங்கியது.

ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் அன்றைக்குப் பொட்டில்லாத சாமான் ஒன்று இருக்காது. கொழுந்து உருட்டுகிற ரோலருக்குப் பொட்டு, கொழுந்து லொறிக்குப் பொட்டு, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு. லொறிச் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார்கள். அன்று பின்னேரம் சண்முகவடிவு கோயிலில் கொடுத்த சந்தனமும் குங்குமமும் ஒரு எலுமிச்சம்பழமும் முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்கு வந்திருந்தாள். கப்பலைப் பார்த்தாள். இதுவும் வண்டிதானே. எத்தனை சனத்தை ஏற்றி இறக்கிய வண்டியோ, ஒரு நல்ல நாளில் மூளியாக நிற்கிறது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடியைத் திறந்து, கையுறையைக் கழற்றி, கப்பலின் முன்மூக்கில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது? கப்பலுக்குச் சக்கரம் இல்லை. மேல்தட்டில் சரக்கு இறக்குகிற சதுரத் துவாரம் ஒன்று திறந்திருந்தது. அதன் விளிம்பில் வைத்தாள். பழம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

கையை விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. கப்பலைச் சாய்க்கலாம் என்றால் கயிறுகள் அறுந்துவிடும். உள்ளே பழம் உருள்கிற சத்தம் கேட்டது. குங்குமத்தையாவது துடைக்கலாம் என்று போனாள். சாமிக்கு வைத்த பொட்டை அன்றைக்கே அழிக்கக் கை வரவில்லை. நாளைக்கு அழித்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டாள்.

நாளைக்குக் காலையில் பணிப்பாளர் வந்துவிட்டார்.

பணிப்பாளர் சிவசாமி வட்டவளைத் தோட்டத்துக்காரர். ஆனால் கொழும்பில் பதவி கிடைத்த நாளிலிருந்து அச்சடித்த தமிழில்தான் பேசுவார். அவரோடு பேணற்கலை நிபுணர் கலாநிதி பிரேமினி வந்திருந்தார். பழைய கப்பல் உருக்களைப் பற்றி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், எதையும் டோர்ச் அடித்துத்தான் பார்ப்பார். பெரிய கப்பலின் முன்மூக்கில் டோர்ச் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரும் அசைய வேணாம்," என்றார்.

சண்முகவடிவு அசையவில்லை. சுலக்ஷனாவின் முகம் ஒருமுறை கண்முன்னே வந்துபோனது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"அசல் வண்ணம்," என்றார் பிரேமினி. "மஞ்சள் அடிப்பூச்சு, மேலே சிவப்பு. நூற்றாண்டு கடந்தது. இவ்வளவு காலமும் தூசிக்குக் கீழே இருந்திருக்கு."

சிவசாமி குனிந்து பார்த்தார். மூக்கு ஒருமுறை விரிந்தது. பிறகு நிமிர்ந்து, மெதுவாகத் தலையாட்டினார். சண்முகவடிவு திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் பத்திநாதனிடம் நொண்டிக்கொண்டே போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வாயத் தொறந்துராத. அவங்களா கண்டுபிடிச்சது அவங்களாவே மறந்துருவாங்க. எத்தன பாத்திருக்கோம்."

அவர்கள் மறக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் கப்பலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். சந்தன வாசனை வருகிறது என்று பிரேமினி எழுதினார், ஆகவே கப்பல் சந்தன மரத்தால் செய்யப்பட்டிருக்கலாம் என்று இன்னொருவர் எழுதினார், சந்தன மரத்தில் கப்பல் செய்யக்கூடியவர்கள் அரசர்கள்தான் என்று மூன்றாமவர் எழுதினார். இப்படியாகக் கப்பல் ஒரு கீழைத்தேய அரச குடும்பத்துக்குச் சொந்தமானது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு விழா வைத்தார்கள். சண்முகவடிவு தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு கமெராவும் தன்னையே பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது.

"இந்தக் கப்பல் யாருடையது என்று இதுவரை எவருக்கும் தெரியாது," என்று சிவசாமி பேசினார். "எவருக்கும் தெரியாது என்பதுகூட நமது சபை வந்த பின்னர்தான் தெரியவந்தது. இதற்காக இருபது பேர் இரவுபகலாக உழைத்திருக்கிறோம். எமது உழைப்பு இல்லாவிட்டால் இந்த நாடு இதை அறியாமலே நிம்மதியாக இருந்திருக்கும்."

கைதட்டினார்கள். சண்முகவடிவு தட்டத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். தட்டாவிட்டால் சந்தேகப்படுவார்கள் அல்லவா?

அடுத்த மாதம் கப்பலை இடம் மாற்றத் தூக்கியபோது உள்ளே ஏதோ உருண்டது. எல்லோரும் கேட்டார்கள். சண்முகவடிவு மட்டும் கேட்காததுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருப்பதைக் கப்பலை உடைக்காமல் பார்க்க எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார் பிரேமினி. வேன் பிடித்து, மெத்தை விரித்து, நுவரெலியாவில் ஓர் எக்ஸ்ரே நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சண்முகவடிவும் போனாள். அவளுடைய முழங்காலுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி வெகுநாளாகிறது, முறை இன்னும் வரவில்லை. கப்பலுக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

"நோயாளி பேரு?" என்று படம் எடுக்கிறவர் பழக்கத்தில் கேட்டார்.

"தெரியாது," என்றார் பிரேமினி.

"வயசு?"

"நூற்றுக்கு மேல."

"என்ன செய்யுது?"

"வயித்துக்குள்ள ஏதோ இருக்கு."

அவர் படத்தை எடுத்து முடித்துவிட்டு, சண்முகவடிவு நொண்டுவதைப் பார்த்தார். "அம்மாவுக்கும் எடுக்கிறதா?"

"இல்லை, இல்லை. அவங்க கப்பலோட வந்தவங்க," என்றார் பிரேமினி.

படத்தில் உருண்டையாக ஒன்று தெரிந்தது. நீளக் கம்பி விட்டு இழுத்தபோது சுருங்கிக் கறுத்த எலுமிச்சம்பழம் வெளியே வந்தது. இதோடு முடிந்தது என்று சண்முகவடிவு நினைத்தாள். முடிவதாவது! நீண்ட பயணத்தில் பல்லீறு அழுகாமல் இருக்க மாலுமிகள் எலுமிச்சை சாப்பிடுவார்கள் என்பது உலகம் அறிந்த செய்தி. அதைக்கூட விடாமல் செய்த கலைஞனின் நுட்பத்தைப் பாராட்டி அறிக்கை வந்தது. கப்பலின் அளவோடு கணக்குப் பார்த்தால் அந்தப் பழம் தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற காம்பிராவை விடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அதற்கும் அறிக்கையில் விளக்கம் இருந்தது. மற்றதெல்லாம் அளவுப்படி செய்யப்பட்டவையாம், பழம் மட்டும் குறியீடாம்.

சண்முகவடிவுக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கக்கூசுக்குள் போய் நின்றுகொண்டாள். "ஏம்மா இப்படி மெலிஞ்சு போற?" என்று மகள் கேட்டதற்கு, பனி என்றாள்.

கடைசியில் ஆய்வுகூடம் குட்டையைக் கலக்கியது. கப்பலின் மூக்கிலிருந்து ஊசி முனையளவு சிவப்பை எடுத்து அனுப்பியிருந்தார்கள். இந்தச் சாயம் அண்மையில் செய்யப்பட்டது, கடையில் பைக்கட்டில் கிடைப்பது என்று முடிவு வந்தது. வேறு எவராவது என்றால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சபை அவசரக் கூட்டம் கூட்டியது. அசல் சிவப்பு அங்கே இருந்தது என்பதற்குச் சபையின் மூன்று அறிக்கைகள் இருக்கின்றன. இப்போது இருப்பதோ புதுச் சிவப்பு. ஆகவே யாரோ அசல் சிவப்பைச் சுரண்டித் திருடிவிட்டு, அந்த இடத்தில் புதுச் சிவப்பை அப்பி வைத்திருக்கிறான். இராப் பகலாக அங்கே இருக்கிற ஒரே ஆள் காவலாளி பத்திநாதன்.

பத்திநாதனை மேல்மாடியில் நிற்கவைத்து விசாரித்தார்கள். சண்முகவடிவு கதவுக்கு வெளியே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிவப்பை யாரிடம் விற்றீர்?" என்று கேட்டார் சிவசாமி.

"நான் வேதக்காரன் சார், மாதா கோயிலுக்குப் போறவன்."

"அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

"எங்க வீட்டுல குங்குமமே கெடையாது சார்."

"யார் குங்குமம் என்று சொன்னது?" என்று குழுவில் ஒருவர் எழும்பினார். "அறிக்கையில் எந்த இடத்திலும் குங்குமம் என்ற சொல் இல்லையே. இவருக்கு எப்படித் தெரியும்?"

பத்திநாதன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சண்முகவடிவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தலவாக்கலைப் பொலிசுக்கு ஃபோன் எடுங்கள் என்று யாரோ சொன்னது கேட்டது. மூன்று பெண் பிள்ளைகள் அந்த மனுஷனுக்கு. சண்முகவடிவு துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். எப்படிப் போனாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை.

"நான்தான் சார் வச்சேன். ஆயுத பூசைக்கு. எலுமிச்சம்பழமும் நான்தான் போட்டேன். அந்தண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது சார். என்னைய வேணும்னா அனுப்பிருங்க."

பிரேமினி டோர்ச்சை அணைத்தார்.

"இவங்களுக்கு அதற்கான தகுதி இல்லையே," என்றார். "அந்தப் பூச்சு முறை பரம்பரைக் கலைஞர்களுக்குத்தான் தெரியும். நான் எழுதியிருக்கேன்."

"எல்லோரும் சற்று வெளியே இருங்கள்," என்றார் சிவசாமி.

எல்லோரும் போனதும் கதவைச் சாத்தினார். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா," என்றார். அச்சுத் தமிழ் எங்கோ போய்விட்டது. "எங்கப்பா ஃபெக்டரியில ரோலர்ல நின்னவரு. நானே எத்தன வருசம் ரோலருக்குப் பொட்டு வச்சிருக்கேன். கிட்டப் போன ஒடனே மணம் வந்துருச்சு."

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"அந்தம்மா நூற்றாண்டுன்னுட்டாங்க. நான் தலையாட்டிட்டேன். ஆட்டுன தலைய எப்படிம்மா திருப்பி ஆட்டுறது? அறிக்க மந்திரி வரைக்கும் போயிருச்சு. நான் குங்குமம்னு சொன்னா, தோட்டத்துப் புத்தி போகலன்னு சொல்லுவாங்க. ஒங்களுக்காவது வேலதான் போகும்னு பயம். எனக்கு எது எது போகும்னே தெரியல."

சண்முகவடிவு அவரைப் பார்த்தாள். அவளுக்கு இவ்வளவு நாளும் இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. பயப்படுத்துகிறவர்களே இப்படிப் பயந்துபோய் இருந்தால், யாரிடம் போய் முறையிடுவது?

"அந்தண்ணன விட்டுருங்க சார்," என்றாள்.

"விட்டுருவோம். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கையுறை போட்டிருந்தீங்களா?"

"சந்தனத்த வெரல்லதானே சார் வைக்கணும்."

சிவசாமியின் முகம் தெளிந்தது. கண்ணாடியை மாட்டினார், கோட்டை இழுத்துவிட்டார், கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்.

"அன்பர்களே, உண்மை வெளிவந்துவிட்டது," என்றார். "திருட்டு எதுவும் நடைபெறவில்லை. அசல் சிவப்பு அசல் சிவப்பாகவே இருக்கிறது. இந்த அம்மையார் கையுறையின்றி அதைத் தொட்டதால், அவருடைய விரலில் இருந்த புதுச் சாயம் அதனோடு கலந்துவிட்டது. ஆகவே நமது அறிக்கையும் சரி, ஆய்வுகூடத்தின் முடிவும் சரி. பிழை விரலில் மாத்திரமே உள்ளது."

பிரேமினி நிம்மதியாக மூச்சு விட்டார், கப்பலுக்குப் பக்கத்திலேயே. பத்திநாதனை வாசலுக்குப் போகச் சொன்னார்கள்.

"ஆயினும் விதி மீறப்பட்டுள்ளது," என்று சிவசாமி தொடர்ந்தார். "தற்காலிகப் பணியாளருக்கு எதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க நமது சட்டத்தில் இடமில்லை. அது நிரந்தர ஊழியர்களுக்கு மாத்திரமே உரிய உரிமை. எனவே சண்முகவடிவு அவர்கள் இந்த நிமிடம் முதல் நிரந்தரமாக்கப்படுகிறார்."

குழு கைதட்டியது. சண்முகவடிவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் வாய்விட்டுக் கேட்கப் பயந்த சொல். கும்பிட்ட கையை இறக்கத் தெரியாமல், "கடவுளே, எம்புள்ள தப்பிச்சா," என்று அழுதாள்.

"அடுத்ததாக, விசாரணை முடியும் வரை அவர் பணியிலிருந்து இடைநிறுத்தப்படுகிறார். இக்காலப் பகுதியில் சம்பளம் கிடையாது. நிரந்தர ஊழியர் என்பதால் வேறெங்கும் வேலை செய்யவும் ஆகாது. தினமும் காலையில் வாசலுக்கு வந்து சமுகமளிக்க வேண்டும். உள்ளே வரக்கூடாது."

கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"விசாரண எப்ப சார் முடியும்?"

"அதற்கு ஒரு குழு அமைக்கப்பட வேண்டும். குழுவை அமைப்பதற்கான குழுவில் ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டார். அந்த இடம் பரிசீலனையில் உள்ளது."

மறுநாள் காலையில் பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே சண்முகவடிவு வாசலுக்கு வந்தாள். இரும்புக் கேட்டுக்கு உள்ளே பத்திநாதன் நின்றார். அவர் கண்ணைத் தூக்கி அவளைப் பார்க்கவில்லை.

"உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க தங்கச்சி. விட்டா எனக்கும் போயிரும்."

"விட வேணாம்ண்ணே. நான் வந்தத மட்டும் சொல்லிருங்க."

கீழே மலையில் கொழுந்துக்காரிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் பனிக்குள்ளிருந்து கேட்டது.

"அண்ணே, நான் இப்ப பெர்மனன்ட்தானே?"

"பெர்மனன்ட்தான்."

"பெர்மனன்ட்னா எது வரைக்கும்?"

"அறுவது வயசு வரைக்கும் தங்கச்சி. அதுக்கு முந்தி ஒன்னய யாரும் அனுப்ப ஏலாது."

அவளுக்கு அப்போது நாற்பது நடந்துகொண்டிருந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தற்காலிகமாக இருந்த காலமெல்லாம், எந்த நேரம் அனுப்பிவிடுவார்களோ என்றுதான் பயந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள், கம்பிக்குக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு. "அவங்கள்ட்ட சொல்லி என்னைய அனுப்பச் சொல்லுங்கண்ணே."

பத்திநாதன் பின்னால் யாரும் கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்டைப் பூட்டினார்.